கோப்பிக்காக எழுதிய உயில்

2024 நவம்பரில் டிங்கிக் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரவு, நெருங்கிய உறவினரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாதி கேட்டார். கிள்ளானில் இருக்கும் அண்ணனின் பெயரைச் சொன்னேன். சொல்லும்போதே என் நினைவு பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள என் வீட்டின் முன்வாசலில் இருந்தது. இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்; உள்ளே என் நாய் கோப்பி தனியாக இருந்தான்; தண்ணீர்ச் சட்டியில் மறுநாள் காலை வரைக்கும்தான் தண்ணீர் இருக்கும்; சாவியோ என் தலைமாட்டில், கைப்பைக்குள் கிடந்தது.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியை அழைத்தபோதுதான், இருபது ஆண்டுகளாகச் சுவரை ஒட்டி வாழ்ந்தும் ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவரிடம் கொடுத்துவைக்க எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை என்பது உறைத்தது. ஐந்து நாள்கள் அவர் கம்பி இடைவெளியில் சோறும் அவித்த மீனும் தள்ளிவிட்டு, ரப்பர்க் குழாயை நீட்டிச் சட்டியில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார். முதல் இரண்டு நாள்கள் கோப்பி எதையும் தொடவில்லையாம்.

நாயை 'அது' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அப்படி எழுத வரவில்லை. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டு, தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டிருந்த வாரங்களில், ஜெலுத்தோங் பாசாரின் (சந்தையின்) பின்புறம் மீன் பெட்டிகளுக்கு இடையில் ஒளிந்திருந்த குட்டி அவன். கோப்பிப் பொடியின் நிறம் என்பதால் அந்தப் பெயர். அம்மா 2012-இல் இறந்த பிறகு மூன்று ஆண்டுகள், மின்னல் வானொலியை அணைத்துவிட்டால் வேறு சத்தமே இல்லாத வீடாக இருந்தது அது. காலை ஐந்தரை மணிக்கு ஒருவன் எழுப்புகிறான், மாலையில் ஒருவன் கதவருகே காத்திருக்கிறான் என்பது ஒரு மனுஷியின் நாளை எவ்வளவு மாற்றிவிடும் என்பதைத் தனியாக இருந்து பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இப்போது வயது 57. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. 'ஒண்டிக்கட்டைக்கு என்ன கவலை' என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி, நானும் அதையே நம்பியிருந்தேன். பிறருடைய கணக்குகளை ஒரு காசு பிசகாமல் முடித்துக் கொடுக்கும் நான், மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம் என் சொந்தக் காகிதங்களை அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தபோது வெட்கப்பட்டேன்.

முதலில் ஊழியர் சேமநிதி. 1994-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவை வாரிசாக நியமித்திருந்தேன். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நியமிக்கப்பட்டவர் உறுப்பினருக்கு முன்பே இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது என்பதைச் சேமநிதி அலுவலக முகப்பில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். ஆக, பன்னிரண்டு ஆண்டுகளாக என் சேமிப்புக்கு நியமிக்கப்பட்ட வாரிசே இல்லை. 55 வயதில் எடுத்திருக்கக்கூடிய தொகையை, ஆண்டுதோறும் நல்ல ஈவு கிடைக்கும்போது எதற்கு எடுக்க வேண்டும் என்று அப்படியே விட்டிருந்தேன். 55-க்குப் பிறகு சேர்வது 'தங்கக் கணக்கு' (Akaun Emas) என்னும் தனிக் கணக்கில் போய், 60 வயதில்தான் கைக்கு வரும். பணத்தைப் பெருக்கும் கணக்கு எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அது யாரிடம் போய்ச் சேரும் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்தது உயில். உண்மையில் என்னிடம் ஓர் உயில் இருந்தது. கோவிட் காலத்தில் பயந்துபோய், கடையில் வாங்கிய மாதிரிப் பாரத்தை நிரப்பி, வீட்டையும் சேமிப்பையும் அண்ணனுக்கும் தங்கைக்கும் சமமாக எழுதி, சாட்சிகளாகத் தங்கையையும் அவள் கணவரையும் கையெழுத்திடச் செய்திருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்த வழக்கறிஞர் சிரிக்காமல் இருக்கப் பெரிதும் முயன்றார். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். ஆனால் சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதேனும் எழுதியிருந்தால், உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் செல்லாது. தங்கைக்கு நான் ஆசையாக எழுதிய பாதியை அவள் கையெழுத்தே அழித்திருக்கும்.

நான் அவரிடம் போனது கோப்பிக்காக. அவனுக்கென்று ஒரு தொகையை எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நாய்க்குச் சொத்து எழுத முடியாதும்மா. சட்டத்தின் கண்ணில் நாயே ஒரு சொத்து. அதை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்றுதான் எழுத முடியும்” என்றார். பத்து ஆண்டுகள் என் கட்டிலுக்குக் கீழே படுத்து உறங்கியவன், சட்டப்படி என் தையல் இயந்திரத்துக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இணையானவன் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன.

அவர் கேட்ட அடுத்த கேள்விகள்தாம் என்னை இரண்டு மாதங்கள் அலையவைத்தன. யார் எடுத்துக்கொள்வார்? அவரிடம் கேட்டுவிட்டீர்களா? அவரால் முடியாமல் போனால் அடுத்தவர் யார்? நீங்கள் இறக்காமல், ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தால் என்ன செய்வது? கடைசிக் கேள்வி மிகவும் குத்தியது. உயில் இறந்த பிறகுதான் பேசும். இறந்த பிறகும், புரோபேட் என்னும் நீதிமன்ற அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். கோப்பிக்கோ அன்று இரவே பசிக்கும். சுயநினைவோடு இருக்கும்போது ஒருவருக்கு எழுதித்தரும் அதிகாரப் பத்திரமும், மனநிலை தவறிவிட்டால் பொதுவாகச் செல்லாது என்றார். ஓய்வுக்காலத் திட்டம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம், நான் நல்ல உடல்நலத்தோடு இருந்து, பின் ஒரே நாளில் தொந்தரவில்லாமல் கண்ணை மூடிவிடுவேன் என்ற எண்ணத்தின் மேல் நின்றது.

ஆளைத் தேடும் வேலை தொடங்கியது. மெல்பர்னில் இருக்கும் அண்ணன் மகள், “அத்தை, பேசாமல் ரெண்டு பேரும் இங்கே வந்துடுங்க” என்றாள். அன்பான பேச்சுதான், ஆனால் நாயை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக என்ன வேண்டும் என்று விசாரித்தபோது மலைப்பாக இருந்தது. மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, அதன் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் இரத்தப் பரிசோதனை, அந்த மாதிரி ஆய்வுக்கூடத்தை அடைந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் பரவி நாய்களையும் தொற்றிய நிப்பா கிருமியின் காரணமாகத் தீபகற்ப மலேசிய நாய்களுக்கென்று தனியாக ஒரு சோதனை. கடைசியில் மெல்பர்னுக்கு வெளியே மிக்கல்ஹாம் முகாமில் குறைந்தது 10 நாள், அடையாளச் சரிபார்ப்பை முன்கூட்டியே முடிக்காவிட்டால் 30 நாள் தனிமை. பட்டாசுச் சத்தத்துக்கே மூன்று மணி நேரம் நடுங்குகிற பத்து வயது நாயை விமானத்தின் சரக்கறையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. போகிற நானும் அங்கே விருந்தாளியாகத்தான் இருக்க முடியும்.

வீட்டை விற்றுவிட்டு மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக்குப் போ என்று அலுவலகத் தோழிகள் சொன்னார்கள். முழங்கால் வலிக்கு அது நல்ல யோசனைதான். பாயான் பாருவில் இரண்டு வீடுகளைப் பார்த்தேன். நாய் இருந்தால் பரவாயில்லை, யாரும் கேட்பதில்லை என்றார் தரகர். யாரும் கேட்காமல் இருப்பதும் அனுமதியும் ஒன்றாகிவிடாது. அடுக்குமாடிகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருப்பதாக நிர்வாகக் குழு எழுத்து மூலம் அறிவித்தால், மூன்றே நாளில் அதை வெளியேற்றியாக வேண்டும். யாரோ ஒருவரின் புகாருக்கும் மூன்று நாளுக்கும் இடையில் என் முதுமையை நிறுத்த நான் தயாராக இல்லை. எனவே வீட்டிலேயே இருப்பது என்று முடிவு செய்து, கீழ்த்தளத்தில் சாமான் போட்டுவைத்திருந்த அறையைப் படுக்கையறையாக மாற்றி, குளியலறையில் கைப்பிடிகளும் வழுக்காத கல்லும் பதித்தேன். மாடிப்படி ஏற எனக்கும் முடிவதில்லை, அவனுக்கும் முடிவதில்லை.

தங்கை சுங்கைப்பட்டாணியில் இருக்கிறாள். அவள் கணவர் சாமி அறை இருக்கும் வீட்டுக்குள் நாயை விடமாட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை, வெளிப்படையாகச் சொன்னாரே. உறவினர் ஒருவர், “பாசார்ல கிடைச்சதுதானே, பாசார்லயே விட்டுடு, பிழைச்சுக்கும்” என்றார். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். அபராதம் ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை போகலாம் என்றதும் பேச்சை மாற்றினார். கருணைக்கு அசையாதவர் வெள்ளிக் கணக்குக்கு அசைந்தார்.

கடைசியில் வழி கிடைத்தது தங்கை மகனிடம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சுங்கை டுவாவில் வாடகை அறை. “நான் பார்த்துக்கறேன் பெரியம்மா, ஆனா ரூம்ல நாய் வைக்க விடமாட்டாங்களே” என்றான். அப்போதுதான் காலியாகக் கிடந்த மாடி என் நினைவுக்கு வந்தது. வாடகை வேண்டாம், இப்போதே வந்துவிடு என்றேன். நான் இறந்த பிறகும் கோப்பி உயிரோடு இருக்கும் வரையிலும், அதற்குப் பின் ஆறு மாதமும் தங்கை மகன் அந்த வீட்டில் வசிக்கலாம். பிறகு வீட்டை விற்று அண்ணனுக்கும் தங்கைக்கும் பங்கிட வேண்டும் என்று வழக்கறிஞர் எழுதினார். அவனால் முடியாமல் போனால் அடுத்தவராக அலுவலகத் தோழி ஒருவரின் பெயர், அவருடைய சம்மதத்தோடு.

பணத்தைக் கணக்கிட ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. உணவு, இதயப்புழுவுக்கு மாதம் ஒரு மாத்திரை, உண்ணி மருந்து, தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் எல்லாம் சேர்த்து என் வீட்டுச் செலவுப் புத்தகப்படி மாதம் 250 வெள்ளி ஆகிறது. இன்னும் ஐந்து ஆண்டுகள் என்று வைத்தால் 15,000; வயதான நாயின் மருத்துவத்துக்கு 5,000. இந்த 20,000 வெள்ளியைச் சேமநிதியிலிருந்து கொடுக்கும்படி உயிலில் எழுதச் சொன்னேன். அதுவும் முடியாதாம். நியமனம் செய்யப்பட்ட சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் என்றால், நியமிக்கப்பட்டவரிடமே நேராகப் போய்விடும். யோசித்துப் பார்த்தபோது அதுவே வசதியாகவும் பட்டது, ஏனென்றால் நீதிமன்ற அனுமதிக்காக அந்தப் பணம் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணன், தங்கை ஆகியோருடன் தங்கை மகனையும் ஒரு சிறு விழுக்காட்டுக்கு நியமித்தேன். அந்தப் பங்கை நாய்க்குத்தான் செலவிட வேண்டும் என்று நியமனத்தில் நிபந்தனை போட முடியாது. அந்த இடத்தில் சட்டம் முடிந்து, பிள்ளையின் மனச்சாட்சியை நம்ப வேண்டியதாகிறது.

அண்ணனிடம் சொல்வதுதான் இவை எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நான் எதிர்பார்த்தபடியே, “நாயைக் காட்டி அவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டான்” என்றார். நான் உயில் எழுதாமல் போனால் பெற்றோரும் கணவனும் பிள்ளையும் இல்லாத எனக்குச் சட்டப்படி உடன்பிறந்தவர்களே வாரிசு என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இந்தக் காகிதம் தம்மிடமிருந்து எதையோ பிடுங்குவதாகவே அவர் கண்டார். வாக்குவாதம் செய்யாமல், என்னை மருத்துவமனையில் சேர்த்த அந்த ஐந்து நாளில் அவர் எத்தனை முறை அழைத்தார் என்று மட்டும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூன்று வாரம் பேசவில்லை. பிறகு அவரே அழைத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தாமே ஏற்பதாகச் சொன்னார்.

கையெழுத்து 2025 ஆகஸ்டில் முடிந்தது. சாட்சிகள் வழக்கறிஞர் அலுவலகத்தின் இரண்டு எழுத்தர்கள். உயிலோடு தனியாக ஒரு கடிதமும் இருக்கிறது. சட்டம் அதற்குக் கட்டுப்படுத்தும் வலிமை எதையும் தரவில்லையென்றாலும், நான் மிகுந்த கவனத்தோடு எழுதியது அதைத்தான். மாத்திரையை மீனுக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கோழி எலும்பு கூடாது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் சீனர்கள் தீ கோங் என்னும் வானக் கடவுளின் வழிபாட்டுக்குப் பட்டாசு வெடிக்கும்போது வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அருகே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். வலி தாங்காத நிலை வந்தால் மருத்துவர் சொல்வதைக் கேட்டு அவனைப் போகவிட வேண்டும், என் பொருட்டு இழுத்தடிக்கக் கூடாது. என் பணப்பையிலும் ஓர் அட்டை இருக்கிறது: 'வீட்டில் நாய் தனியாக இருக்கிறது' என்று மலாயில் எழுதி, மூன்று தொலைபேசி எண்களுடன்.

வீட்டுச் சாவியின் இன்னொரு பிரதியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், மறுநாள் காலை தம் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதோடு ஒரு துண்டுக் காகிதம், முழுவதும் சீன எழுத்தில். அவர் பேரன் படித்துச் சொன்னான்: கூண்டுப் பறவைக்குக் காலையில் பாதி வாழைப்பழம், மாலை ஏழு மணிக்குக் கூண்டைத் துணியால் மூட வேண்டும்.