அலர்ஜி டெஸ்டுக்கு இரண்டு தடவை கொல்லம் போன கதை

"இன்னலெ ராத்ரி மருந்நு கழிச்சோ?" (நேற்று ராத்திரி மருந்து சாப்பிட்டாளா?) என்று கொல்லம் ஆஸ்பத்திரி நர்ஸ் மலையாளத்தில் கேட்டார். "ஆமா சிஸ்டர், மகளுக்கு எட்டு மணிக்கே கொடுத்துட்டேன்" என்றேன். கையிலிருந்த ட்ரேயை அப்படியே கீழே வைத்துவிட்டார். சிட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை உடம்பில் இருந்தால் தோலில் செய்கிற அலர்ஜி டெஸ்ட் ஒன்றையும் காட்டாதாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் நூறு கிலோமீட்டர் கிட்ட இருக்கும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் எங்களுடையது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பெரிய வைத்தியம் என்றால் மலைக்கு அந்தப் பக்கம் போவதுதான் பழக்கம். ஆரியங்காவு, தென்மலை வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, எனக்கு வேலைக்கு லீவு. பதிவு செய்யப் போன் பண்ணினபோது பெயர், வயது, ஃபீஸ் எல்லாம் பேசினார்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு கார்பெட். பால் காய்ப்புக்கு அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. எட்டுக்குப் பத்து அடி, கால் புதைகிற மாதிரி கனம். ஹாலில் விரித்தபோது தெருவே வந்து பார்த்தது. மகள் அதில்தான் படுத்துப் படிப்பாள், விளையாடுவாள், சில நாள் தூங்கியும் விடுவாள். ஒன்பது வயது. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், கண் அரிப்பு. மூக்கைத் தேய்த்துத் தேய்த்தே மூக்கின்மேல் ஒரு கோடு விழுந்துவிட்டது. "சாரல் காத்து, மண்டையில நீர் கோத்திருக்கு" என்று அத்தை நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்தார். நானும் நம்பினேன்.

பிறகு கார்பெட்டில் தூசி இருக்குமோ என்று சந்தேகம் வந்து, ஆடி மாசத்தில் துவைக்கக் கொடுத்தேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான். ஷாம்பு போட்டு மூன்றாம் நாள் கொண்டுவந்து விரித்துவிட்டு, "நல்லா காஞ்சிருச்சுக்கா" என்று சொல்லிப் போனார்கள். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அடியில் இருக்கிற தடித்த சணல் துணியில் ஈரம் நின்றிருக்கிறது. சாரல் நேரத்தில் எங்கள் ஊரில் கைக்குட்டை காயவே இரண்டு நாள் ஆகும், அது எப்படிக் காயும்? ஐந்தாம் நாள் ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை. அந்த வாரத்தில்தான் அவளுக்கு ராத்திரி இளைப்பு வந்து, இன்ஹேலர் வரைக்கும் போனோம். கார்பெட் துவைக்கிறதாக இருந்தால் பங்குனி, சித்திரை வெயிலில் துவையுங்கள். திரும்பி வந்ததும் புரட்டிப்போட்டு அடிப்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இரண்டாவது தடவையும் கெடப் பார்த்தது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு சளி பிடித்து, மெடிக்கலில் ஒரு சிரப் கொடுத்தார்கள். பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். குளோர்பெனிரமின் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டால், அதுவும் அதே வகை மருந்துதான், கொடுக்க வேண்டாம் என்றார்கள். நல்ல வேளை, மூடியைக் கூடத் திறக்கவில்லை. சளி சிரப், அரிப்பு மாத்திரை, தூக்கம் வருகிற மாத்திரை எதுவாக இருந்தாலும் பெயரை வாசித்துக் காட்டி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து நாள் மாறும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

டெஸ்ட் பயப்படுகிற மாதிரி இல்லை. முன்கையில் பேனாவால் குறியிட்டு, ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அலர்ஜி தரக்கூடிய ஒவ்வொரு பொருளின் சாறு ஒரு சொட்டு. சொட்டின் வழியாக ஊசி முனையால் லேசாக ஒரு குத்து. ரத்தம் வரவில்லை. ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணீர், அது வீங்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அதாவது அலர்ஜியில் அரிப்பும் வீக்கமும் உண்டாக்குகிற பொருள், அது கட்டாயம் வீங்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதுவும் அடங்கிப் போகுமாம். முதல் தடவை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கால் மணி நேரம் சொறியாமல் இருக்க வைப்பதுதான் பாடு. நான் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கண்ணுக்கு முன்னாலேயே ஒரு குறிக்குப் பக்கத்தில் கொசுக்கடி மாதிரி வெள்ளையாகத் தடித்து, சுற்றிலும் சிவந்தது. டஸ்ட் மைட், அதாவது வீட்டுத் தூசியில் வாழ்கிற நுண்ணிய பூச்சி. கரப்பானும் நாய் முடியும் அசையவே இல்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அது கடிக்காது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று வாழும். அதன் எச்சம்தான் மூக்கில் ஏறித் தொந்தரவு செய்வது. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பிழைக்காது. சாரல் காலத்துச் செங்கோட்டையில் அதற்கு வழியே இல்லை. ஈரமான கார்பெட்டை வேறு விரித்து வைத்திருந்தேன். கார்பெட்டை மட்டும் எடுத்தால் போதாது, மெத்தையிலும் தலையணையிலும்தான் இன்னும் அதிகம் இருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் அவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கார்பெட்டைச் சுருட்டினோம். அடியில் டைல்ஸ் மேல் மாவு மாதிரி நைஸ் தூசி, சுவர் ஓரம் கறுப்பாகப் பூஞ்சை. வாரத்துக்கு மூன்று தடவை வேக்குவம் போட்ட ஹால் அது. சாதாரண வேக்குவம் நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே திருப்பி விடும். ஹெப்பா ஃபில்டர் இருந்தால்தான் பிடிக்கும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை போட்டோம். விரிப்புகளை வாராவாரம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். அவளுடைய கரடி பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் துவைத்தேன். குளிரில் பூச்சி சாகும், எச்சம் போகத் துவைத்தே ஆக வேண்டும். ஹாலில் இப்போது பத்தமடைப் பாய். ஈரத்துணியால் துடைத்து, உதறி, நிமிர்த்தி வைத்துவிடலாம்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. இளைப்பு நிற்க ஒரு மாதம் ஆனது. தும்மல் இன்னும் இரண்டு மூன்று வரும்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் தள்ளிப் போட்டேன். அத்தனை ஆசையாகச் சுமந்துகொண்டு வந்தது. ஒருவழியாக, "அண்ணே, கார்பெட்டை எடுத்துட்டோம். பிள்ளைக்கு ஆகலை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது கிடக்கட்டும். பிள்ளை ராத்திரி தூங்குதாளா?" என்றான்.