16 வாரக் காத்திருப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் சின்னம்மாவின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய்க்காக அவனுடைய அண்ணனின் எலும்பு மஜ்ஜை செலுத்தப்பட்டது. தொடர்ந்து ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணியை ஊசியாகப் போட்டார்கள். வெள்ளையணு எண்ணிக்கை ஏறிய அன்று, "மஜ்ஜை ஒட்டிவிட்டதா?" என்று சின்னம்மா தொலைபேசியில் கேட்டார்கள். அதே டர்பனில் சுண்டெலிகளில் இதையே ஆய்ந்துவரும் என்னால் உடனே ஆமென்று சொல்ல முடியவில்லை.

சுண்டெலியின் தொடை எலும்பை இரு முனைகளிலும் நறுக்கி, மெல்லிய ஊசியால் திரவத்தைப் பாய்ச்சினால், மஜ்ஜை சிவந்த நூல்போல வெளியே வர, எலும்பு வெளுத்துப்போகும். உயிர்போக்கும் அளவுக்குக் கதிர்வீச்சு பெற்ற வேறொரு சுண்டெலியின் வாலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, பக்கவாட்டு இரத்தக்குழாய் புடைத்ததும் அந்த அணுக்களைச் செலுத்துவோம். செலுத்தாவிட்டால் அது பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் இறந்துவிடும். மஜ்ஜை அதைக் காப்பாற்றும் என்பதை எகான் லோரன்ஸ் என்னும் ஆய்வாளரின் குழுவினர் 1951-இலேயே காட்டிவிட்டார்கள்.

மஜ்ஜையைப் பெற்ற சுண்டெலிக்கு ஜி-சிஎஸ்எஃப் கொடுத்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் சில நாள் முன்னதாகவே ஏறுகின்றன. தொற்றால் சாகும் ஆபத்து மிகுந்த அந்நாட்களில் இது பெரிய உதவிதான். ஆனால் முதலில் பெருகுபவை, சில வாரங்களில் தீர்ந்துவிடும் இடைநிலை அணுக்கள். தோட்டத்தில் ஊன்றிய முருங்கைக் கொம்பு, தன்னிடமுள்ள சத்தைக் கொண்டே வேர்விடுமுன் துளிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எல்லா இரத்த அணுக்களையும் தொடர்ந்து உருவாக்கும் மூல அணுக்கள் வேர் பிடித்தனவா என்பதை அறிய, கொடுத்தவருடைய அணுக்களையும் பெற்றவருடைய அணுக்களையும் வெள்ளையணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி45 என்னும் புரதத்தின் இரு வடிவங்களால் பிரித்து எண்ணி, 16 வாரங்களாவது காத்திருக்கிறோம். பிறகு அதே மஜ்ஜையை எடுத்து இரண்டாவது சுண்டெலிக்குச் செலுத்தி, அங்கும் இரத்தம் உருவாகிறதா என்று பார்க்கிறோம்.

காரணியை யாருக்கு, எப்போது கொடுக்கிறோம் என்பதே என்னை அதிகம் ஈர்க்கும் கேள்வி. கொடுப்பவருக்கு முன்கூட்டியே ஜி-சிஎஸ்எஃப் செலுத்தினால் மூல அணுக்கள் மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வந்துவிடுவதால் அவற்றைச் சேகரிப்பது எளிதாகிறது. அணுக்களை வெளியே எடுத்துக் காரணிகள் கலந்த திரவத்தில் இரண்டு நாள் வளர்த்தாலோ, அவை ஒன்று இரண்டாகப் பிரியத் தொடங்கி, எண்ணிக்கையில் கூடினாலும் வேர் பிடிக்கும் திறனை இழக்கக்கூடும். தூண்டுதல் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணியிருந்த எனக்கு, இதை முதன்முதலில் கண்டபோது மனம் கனத்தது.

வெள்ளையணு ஏறியது நல்ல செய்தி என்றும், அணுக்கள் அண்ணனுடையவையா என்ற பரிசோதனை முடிவையும் மருத்துவரிடம் கேளுங்கள் என்றும் சின்னம்மாவிடம் சொன்னேன். என் சுண்டெலிகளுக்கு இது ஒன்பதாவது வாரம். தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் 16-ஆவது வார இரத்தத்தை எடுக்கிறேன்.