பொம்பெயி: தெருவைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஊர் புரியும்

பொம்பெயிக்குப் போகிறவர்களில் பலர் வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெசூவியஸ் எரிமலை வெடித்ததில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊர் அது, மதிலுக்குள் மட்டும் 66 ஹெக்டேர் பரப்பு. இதுவரை தோண்டியது மூன்றில் இரண்டு பங்குதான், அதையே ஒரு நாளில் பார்த்து முடிக்க முடியாது. ஆகவே வழிகாட்டி கூட வரும் அந்த இரண்டு மணி நேரத்தைத் தெரு, தண்ணீர், வாசற்படி இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கற்களே விஷயம் சொல்லும்.

முதலில் ரயில் விவரம். நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சர்க்கம்வெசூவியானா ரயில் கிடைக்கும். சொரெண்டோ செல்லும் வண்டியில் ஏறி, 'பொம்பெயி ஸ்கவி – வில்லா தெய் மிஸ்தேரி' நிலையத்தில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் போர்த்தா மரீனா வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. அதே கம்பெனியின் வேறொரு தடத்தில் 'பொம்பெயி சந்துவாரியோ' என்றும் ஒரு நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து அந்த வண்டியில் ஏறிவிட்டால் ஊரின் மறுகோடியில், ஆம்பிதியேட்டர் (நீள்வட்ட விளையாட்டரங்கம்) பக்கம்தான் இறங்குவீர்கள். வழிகாட்டி போர்த்தா மரீனாவில் காத்திருந்தால் நேரம் தவறிவிடும். உட்கார இடம் வேண்டுமென்றால் வண்டி புறப்படும் போர்த்தா நொலானாவுக்கே போய் ஏறுவது நல்லது. கரிபால்டியில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும், நெரிசலில் பையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயர் இருக்கும், எனவே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 30×30×15 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள பையை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். வழிகாட்டியிடம் உரிம அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் குழுவில் எத்தனை பேர், இன்று எந்தெந்த வீடு திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பராமரிப்புக்காக வீடுகளை மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். விளம்பரத்தில் போட்டிருந்த வீடு அன்றைக்குப் பூட்டிக் கிடப்பது சாதாரணம்.

இனி தெரு. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையை வெட்டிப் பாவிய தளம் அது. நடைபாதை தெருவைவிட நன்றாக உயர்ந்திருக்கும். தெருவின் குறுக்கே அதே உயரத்தில் ஒன்றிலிருந்து மூன்று கல் வரை நட்டிருப்பார்கள். ஊர் வடக்கே உயர்ந்து தெற்கே சரிகிறது. மழைநீர், தொட்டிகளிலிருந்து ஓயாமல் வழியும் நீர், வீட்டுக் கழிவு எல்லாம் தெருவழியேதான் ஓடின. நிலத்தடிச் சாக்கடை சில இடங்களில் மட்டுமே உண்டு. கால் நனையாமல் தெருவைக் கடக்கத்தான் அந்தக் கற்கள். அவற்றின் இடைவெளியில் வண்டிச் சக்கரம் போய்வந்த தடம் ஆழமாகத் தேய்ந்திருக்கும். அங்கே குனிந்து பாருங்கள். சக்கரம் உரசிய தேய்மானம் கல்லின் எந்தப் பக்கம் அதிகம் என்பதை வைத்துத்தான், சில தெருக்கள் ஒருவழிப் பாதையாக இருந்தன என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

தண்ணீர் வந்த வழியும் கண்ணுக்குத் தெரியும். ஊரின் மிக உயரமான இடமான வெசூவியஸ் வாசலில் இருக்கும் செங்கல் கட்டடத்துக்குக் கால்வாய் நீர் வந்து, அங்கிருந்து மூன்றாகப் பிரிந்தது. நேரே குழாயில் விட்டால் சரிவில் அழுத்தம் கூடி ஈயக் குழாய் வெடித்துவிடும். அதற்காகவே தெருமுனைகளில் நீர்த்தூண்கள் கட்டினார்கள். தூணின் உச்சியில் ஈயத் தொட்டி. நீர் அதுவரை ஏறி, அழுத்தம் குறைந்து, மறுபடி இறங்கும். குழாய் ஏறி இறங்கிய நீள்பள்ளம் தூணின் பக்கவாட்டில் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே நான்கு பலகைக் கற்களை இரும்புப் பட்டையால் இணைத்து, ஈயம் ஊற்றிய தொட்டி. நீர் விழும் முகப்புக் கல்லின் இரு பக்கமும் விளிம்பு குழிந்திருக்கும். ஒரு கையை ஊன்றிக் குனிந்து குடித்தவர்களின் தேய்மானம் அது. இந்தத் தொட்டிகள் சிலவற்றில் இப்போதும் குடிநீர் வருகிறது. ஒரு காலி பாட்டில் கொண்டுபோனால் போதும். நிழல் மட்டும் கிடைக்காது. தொப்பி அவசியம், பிடிப்புள்ள ஷூவும் அவசியம். மழை பெய்தால் அந்தக் கரும்பாறை வழுக்கும்.

வாசற்படியைப் பார்த்தே கடையா வீடா என்று சொல்லிவிடலாம். படியின் இரு ஓரத்திலும் கதவுக் குடுமி சுழன்ற குழி இருந்தால் வீடு. நீளமாக ஒரு பள்ளம் ஓடி, ஒரு முனையில் மட்டும் குடுமிக் குழி இருந்தால் கடை. நம்மூர் பழைய மளிகைக் கடைகளில் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி அடைப்பார்களே, அதே முறை. கடைசிப் பலகைக்குப் பதில் ஒற்றைக் கதவு. ஊரின் முக்கியத் தெருவான அபொந்தான்சா தெருவில் இதைத் தெரிந்துகொண்டு நடந்தால், கடை எத்தனை, வீடு எத்தனை என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

போரம் எனும் ஊர்ச் சதுக்கத்தை ஒட்டிய குளியல் கூடத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். வெந்நீர் அறையின் சுவருக்கும் பூச்சுக்கும் நடுவே வெப்பக்காற்று ஏற இடைவெளி விட்டிருக்கிறார்கள். வளைந்த கூரையில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். நீராவி குளிர்ந்து தலையில் சொட்டாமல் அந்த வரிகள் வழியே சுவரில் இறங்கிவிடும். அறைக் கோடியில் உள்ள பளிங்குத் தொட்டியின் விளிம்பில், அதைச் செய்ய ஆன செலவு 5,250 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று வெண்கல எழுத்தில் பதித்திருக்கிறது. பொதுப் பணத்துக்குக் கணக்கு காட்டிய அந்த விளிம்பை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு. விலைமாதர் விடுதி முன்னால் நிற்கும் வரிசை நீளமாக இருந்தால் தாராளமாக விட்டுவிடலாம். உள்ளே குறுகிய அறைகளும் கல் கட்டில்களும் சுவர் ஓவியங்களும்தான்.

வெடிப்பில் இறந்தவர்களின் மனித வடிவங்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் வழிகாட்டிகள் அதிகம் தடுமாறுகிறார்கள். அவை கல்லாகிப்போன உடல்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடலை மூடிய சாம்பல் இறுகியது, பிறகு உடல் மக்கி உள்ளே வெற்றிடம் உண்டானது. 1863-இல் அகழாய்வை நடத்திய ஜுசெப்பே பியொரெல்லி அந்த வெற்றிடத்தில் சுண்ணக்கூழை ஊற்றி, அது இறுகியதும் சாம்பலை நீக்கினார். எலும்புகள் அந்த வார்ப்புக்குள்ளேயே இருக்கின்றன. பொன்வளை வீட்டில் கிடைத்த, மடியில் குழந்தையோடு இருந்தவரைத் தாய் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வில் அவர் ஆண் என்றும், அந்தக் குழந்தைக்கு உறவே இல்லை என்றும் தெரிந்தது. எரிமலை வெடித்தது கி.பி. 79 ஆகஸ்ட் 24 என்ற கணக்கும் இப்போது தளர்ந்துவிட்டது. அக்டோபர் 17 என்று நாள் குறித்த ஒரு கரிக் கிறுக்கல் 2018-இல் சுவரில் கிடைத்தது. அதனால் வெடிப்பு அக்டோபர் கடைசியில் நடந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

வழிகாட்டி விடைபெற்றதும் கிழக்கே போங்கள், கூட்டம் குறையும். சுமார் கி.மு. 70-இல் கட்டிய ஆம்பிதியேட்டர் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் மறுபடி திறந்த வெத்தி வீட்டுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. மர்ம மாளிகை (வில்லா தெய் மிஸ்தேரி) மதிலுக்கு வெளியே இருக்கிறது. விலை குறைந்த டிக்கெட்டில் அது சேராது, எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மாடியும் கருகிய மரச்சாமானும் பார்க்க ஆசையிருந்தால் அதே ரயில் தடத்தில் உள்ள எர்கொலானோவில் (பழைய ஹெர்குலேனியம்) இறங்கலாம். பொம்பெயியில் நுரைக்கல் மழையின் பாரத்தில் கூரைகள் நொறுங்கிவிட்டன.

இந்த ஊருக்கும் நம்மூருக்கும் தொடர்பு உண்டு. மதுரையிலிருந்து பாண்டியன் ஆண்டதையும், கரிமிளகு பவுண்டு 4 தினாரியஸுக்கு (ரோமானிய வெள்ளி நாணயம்) விற்றதையும் எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இதே வெடிப்பில் மக்களைக் காப்பாற்றக் கப்பலில் வந்து ஸ்தாபியே கரையில் இறந்தவர். இந்தியத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் சிலை 1938-இல் அபொந்தான்சா தெருவை ஒட்டிய வீட்டில் கிடைத்தது. லட்சுமி என்று பெயர் ஒட்டிக்கொண்டாலும் அது யட்சி என்பதே பலர் கருத்து. சிலை இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் இரகசிய அறைப் பிரிவில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.