லேம்ப்ஸ் ராக்கிலிருந்து பனாமா வரை

குன்னூர் போகிறவர்கள் எல்லாரும் டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனைக்கே ஓடுகிறார்கள். வேண்டாம். கேத்தரின் அருவி தெரியும், குரங்கு தெரியும், பார்க்கிங் சண்டை தெரியும், அவ்வளவுதான். அதே சாலையில் முன்னாலேயே வருகிற லேம்ப்ஸ் ராக் என்ற பாறை முனையில் இறங்கிவிடுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து 8, 9 கி.மீ.தான், அரசு பஸ்ஸே போதும். ‘பேக்கேஜ்’ பேசும் டாக்ஸிக்காரர் இங்கே பத்து நிமிடம்தான் நிற்பார். காசு மட்டும் முழு நாளுக்கு. மூடுபனி விலகவே அரை மணி ஆகிற இடம் இது! இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை விட்டால் மறுபடி அதே டாக்ஸிதான்.

காலை பத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சமவெளி சூடேறினால் ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஜூன், ஜூலை என்றால் தயக்கம் வேண்டாம். தென்மேற்கு மழை நீலகிரியின் மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை. குன்னூர் கிழக்குச் சரிவு, அதற்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். அப்போதுதான் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மலை ரயில் ரத்தாவதும்.

பாறைக்குக் கீழே கோவைச் சமவெளி. தென்மேற்கே பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமலையின் ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டு மலைக்கூட்டத்துக்கும் நடுவே 30 கி.மீ. அளவுக்கு ஒரு வாசல். உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது இதன் வழியாகக் காற்று பாய்வதால்தான்.

மலையில் விழுந்த இப்படியொரு வாசல் கடலடியில் இருக்கும் பவளத்தின் விதியையே மாற்றும். அதைப் பார்க்கப் பனாமா போக வேண்டும். (அந்த டிக்கெட் காசுக்கு ஆயுள் முழுக்கக் குன்னூர் வந்து போகலாம்.) அங்கே ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடக்கேயிருந்து வாணிபக் காற்று வீசும். நிலம் தாழ்ந்த இடத்தில் அது தாண்டி வந்து, பனாமா வளைகுடாவின் மேல்நீரைக் கடலுக்குள் தள்ளுகிறது. காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் ஏறுகிறது. இதுதான் அப்வெல்லிங். மேற்கே சிரிக்கி வளைகுடாவில் உயர்ந்த மலைத்தொடர் காற்றை மறித்துவிடுவதால் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு. ஒரே நாடு, ஒரே பசிபிக் கடல்.

குளிர்நீர் வந்தால் பவளத்துக்கு நல்லதுதானே என்பார்கள். பாதிதான் சரி. கடல்நீர் கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் 1 டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தாலே பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். அப்போது குளிர்நீர் உயிர்காக்கும். ஆனால் அந்த நீர் வெறுங்கையோடு வராது. கரியமில வாயு கூடுதலாக இருப்பதால் சுண்ணாம்பு எலும்பு கட்டுவது சிரமமாகும். சத்து மிகுதியால் கடற்பாசி மண்டும், பாறையைத் துளைக்கும் உயிரினங்கள் பெருகும். பனாமா வளைகுடாவின் பவளம் மெதுவாகவே வளர இதுவும் காரணம். போதாததற்கு, பசிபிக் கடலே சூடேறிய 1982-83 எல் நினோவில் இரண்டு வளைகுடாவிலும் பவளம் கூட்டமாகச் செத்தது. 2025-ல் காற்றே சரியாக வீசாமல், 40 ஆண்டுப் பதிவில் முதல்முறையாக அந்தக் குளிர்நீர் ஏறவில்லை.

நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையோரம் குளிர்நீர் ஏறும். மத்தி மீன் கொழிப்பது அதனால்; பவளத்திட்டு அந்தக் கரையில் சொல்லும்படி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் ஏப்ரல், மே வெயிலில்தான் தவிக்கிறது. 2010-லும் 2016-லும் வெளுத்தது அந்தச் சூட்டில். பருவக்காற்று எழுந்து கடலைக் கலக்கினால் சூடு தணியும், பிந்தினால் தாங்காது.

சொல்ல விட்டுப்போனது: குன்னூருக்குச் சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் கட்டாயம், பஸ்ஸில் வந்தால் வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். சுட வைத்த டீயும் வர்க்கியும் குன்னூரிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே விலை கூடுதல், வர்க்கி நமுத்துப்போயிருக்கும்.