ஊறாத செங்கல்

சுவரில் வைத்த வரியிலிருந்து ஒரு செங்கல்லைப் பிடுங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார் கொத்தனார். கலவை ஒட்டவே இல்லை. விரல் பட்டதும் மணலாய் உதிர்ந்தது.

கொத்துக் கரண்டி பிடித்து இரண்டாவது நாளாம், அந்தக் கல்லை வைத்த தம்பிக்கு.

காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். சிமெண்ட் இறுக ஈரம் மிஞ்சாது. தொட்டியில் போட்டால் குமிழி நிற்கும்வரை ஊறணும். எடுத்து, நீர் வடிந்தபிறகே வைக்கணும். சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கும், தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் நேராக நிற்காது.

புதிதாக வருகிறவர்கள் வேகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். முதலில் பழக வேண்டியது மூலை. இரண்டு மூலையும் சரியாக எழுந்தால் நடுவில் நூல் கட்டி ஓட்டிவிடலாம்.

9 அங்குலச் சுவருக்கு 1:6 கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்; நாலரை அங்குலத்துக்கு 1:4. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவைச் சந்து 10 மி.மீ. ஒரே நாளில் 5 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது, ஈரக் கலவை பாரம் தாங்காமல் பிதுங்கும்.

சித்தாளாகச் சட்டி சுமந்தவர்கள் இதில் பாதியைக் கண்ணாலேயே கற்றிருப்பார்கள். ஆண் என்றால் சில வருடத்தில் கரண்டி கைக்கு வரும். வருடக்கணக்காகச் சுமக்கும் அக்காக்களுக்கு அது வருவது அபூர்வம். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பிரித்த இரண்டு வரிக் கல்லும் இப்போது தொட்டியில் கிடக்கிறது.