டயரைத் திட்டுவதற்கு முன்

காருக்கு அகல டயரும் இறுக்கமான ஷாக் அப்சார்பரும் போட்டால் வண்டிக்குள் இரைச்சல் கூடும். இது தெரிந்துதான் எல்லோரும் போடுகிறோம். ஆனால் கூடிய இரைச்சல் மொத்தத்தையும் டயரின் தலையில் கட்டுவது சரியில்லை என்பது என் கட்சி. என் வண்டியில் பாதிக்கு மேல் வேறு வழியாக வந்தது.

வண்டி பழைய ஸ்விஃப்ட் வி.டி.ஐ. கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14. அதாவது 165 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். இப்போது ஓடுவது 195/55 ஆர்16. சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய மாறவில்லை. பழையது 620 மில்லிமீட்டர், புதியது 621. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மாறியது பக்கச்சுவர். 132 மி.மீ. உயரம் இருந்தது 107 ஆகிவிட்டது. பள்ளத்தில் இறங்கும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அது குட்டையானால் மிச்ச அடி ரிம்முக்குப் போகும், ரிம்மிலிருந்து சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்முக்கு, அங்கிருந்து பாடிக்கு. நடுவில் தடுத்து நிறுத்த இருப்பது, இணைப்பில் உறைபோல் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ். நான் அதையும் கழற்றிவிட்டு, அதைவிடக் கடினமான பாலியூரிதேன் புஷ் போட்டிருந்தேன்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மாமா இதைக் கேள்விப்பட்டதும் சிரித்தார். "நாம ரப்பர் பால் எடுத்து வயிறு கழுவுற ஆளுங்க. நீ வண்டியில இருந்த ரப்பரைக் கழட்டிட்டு பிளாஸ்டிக்க வச்சிருக்க, கொள்ளாம்." அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங் திருப்பினால் வண்டி உடனே கேட்கும் சுகத்தை அவருக்கு எப்படி விளக்குவது?

அம்மாவுக்கும் விளக்க முடியவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் வழியில் பின் சீட்டிலிருந்து குரல் வரும்: "நீ சொல்லுதது ஒண்ணும் கேக்கல்ல மக்களே." ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக் என்பதால் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தகரச் சுவர் கிடையாது. பின் சக்கரத்தின் சத்தம் நேரே அந்த சீட்டில் இருப்பவர் காதுக்குத்தான் வரும். முன்னால் ஓட்டுகிறவனுக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

சரி, எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசாரிபள்ளம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் எளிய வழி சொன்னார்: "தம்பி, டயரு ரோட்டுக்கு ரோடு பாட்டை மாத்தும். பேரிங் மாத்தாது." ஒரே வேகத்தில் போகும்போது சாலைப் பரப்பு மாறியதும் சத்தமும் மாறினால் அது டயர் சம்பந்தப்பட்டது. சாலை எதுவானாலும் ஒரே மாதிரி உறுமி, வண்டியை மெல்ல இடமோ வலமோ சாய்த்து ஓட்டும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கியரை மாற்றினால் மாறுவது எஞ்சின் சத்தம்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட பாதை தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு. அதிகாலையில் போனேன். காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்று கதவு ரப்பரில் புகுந்து ஊளையிடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? காற்று அடிக்கும் நேரத்தில் போய் டயர் சத்தம் கேட்கிறேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

புதுத் தார் போட்ட இடத்தில் வண்டி கிட்டத்தட்ட பழையபடியே ஓடியது. ஜல்லி பிதுங்கி நிற்கும் இடம் வந்ததும் இரண்டு சத்தம் தனித்தனியாகக் கேட்டது. ஒன்று 'ஷ்ஷ்' என்ற இரைச்சல். டயரின் வரிப்பள்ளங்களில் காற்று அடைபட்டு வெளியேறுவதால் வருவது, ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய சத்தம். டயர் அகலமானால் இது கூடும், அதை மறுக்கவில்லை. இன்னொன்று அடித்தொண்டையில் முனகுவது போன்றது. வேகத்தை 60இலிருந்து 80க்கு ஏற்றினாலும் அதன் சுருதி மாறவில்லை, உரப்பு மட்டும் கூடியது. போனில் சத்தத்தைப் பிரித்துக் காட்டும் ஆப்பில் பார்த்தால் 200 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு முள் நிமிர்ந்து நின்றது. டயருக்குள் வளையமாக அடைபட்டிருக்கும் காற்றின் சொந்த அதிர்வு அது. அந்த வளையத்தின் நடுச்சுற்றளவு என் டயரில் சுமார் 1.6 மீட்டர். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அதால் வகுத்துப் பாருங்கள், அந்த இடத்துக்கே வந்து சேரும்.

இந்த முனகல் எல்லாக் காரின் டயரிலும் உண்டு. பழைய டயரிலும் இருந்திருக்கும். ரப்பர் புஷ் அதைப் பாடிக்கு ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்தது. பாலியூரிதேன் அப்படியே மேலே கடத்திவிட்டது. அடுத்த சாட்சி மார்த்தாண்டம் மேம்பாலம். அதன் இணைப்புகளைத் தாண்டும்போது ஒவ்வொன்றுக்கும் காலடித் தகடு 'டப்' என்றது. அகல டயரின் இரைச்சல் அப்படி ஒற்றை அடியாகக் காலில் தைக்காது.

அப்புறம் செய்தது சின்ன வேலைதான். முன்பக்க லோயர் ஆர்மில் இரண்டு புஷ் இருக்கும். அதில் பின்னால் இருக்கும் பெரியது, சக்கரம் பள்ளத்தில் மோதி முன்பின்னாக ஆடுவதைத் தாங்குவது. அதை மட்டும் ஒரிஜினல் ரப்பருக்கே மாற்றினோம். இடம் வலம் சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரில் பாலியூரிதேன் புஷ் அப்படியே இருக்கிறது. வளைவில் வண்டி சாயாமல் நிற்பதற்கு அந்த பார்தான் பெரிய காரணம். சத்தத்துக்கு அந்த புஷ்ஷின் பங்கு குறைவு. ஆனால் கிரீஸ் காய்ந்தால் வேகத்தடையில் கீச்சிடும். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும். ஆகவே சிலிக்கான் கிரீஸ் டப்பா ஒன்று எப்போதும் டிக்கியில் கிடக்கிறது.

மேம்பாலத்து 'டப்' பெரிதும் அடங்கியது. முனகலும் அதேபோல் அடங்கியது. ஸ்டியரிங்கில் கொஞ்சம் கூர்மை போயிற்று, பொய் சொல்லக் கூடாது. கொடுத்த விலைக்கு வந்தது அதிகம் என்றே நினைக்கிறேன்.

வண்டி முழுக்க டேம்பிங் ஷீட் ஒட்டச் சொல்பவர்கள் நிறைய பேர். அலுமினியம் பூசிய அந்தக் கறுப்பு ஷீட் தகடு அதிர்வதை அடக்கும். காற்று வழியாக வரும் டயர் இரைச்சலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பின் வீல் ஆர்ச்சிலும் டிக்கித் தரையிலும் தடித்த ஃபெல்ட் வைத்தேன், பின் சீட்டுக்கு அதுவே கொஞ்சம் உதவியது. டயர் வாங்கும்போது வெளிநாட்டு லேபிளில் டெசிபல் எண் பார்த்து வாங்குபவர்களும் உண்டு. அது சாலையோரம் 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு கேட்கும் என்று சொல்லும். உள்ளே இருக்கும் நமக்கு அல்ல.

வண்டியைத் தாழ்த்தியவர்கள் அலைன்மென்ட்டை விட்டுவிடாதீர்கள். உயரம் குறைந்ததும் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறும். டயர் பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகளின் ஓரம் ரம்பம் போலத் தேயும், மாதம் செல்லச் செல்ல உறுமல் வளரும். டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், திரும்பி வரும்போது குத்தும். அந்த நிலைக்குப் போன டயரை எந்த புஷ்ஷும் அமைதியாக்காது.

அம்மா இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறாள். பின் சீட்டில் யாராவது ஏறினால் ஜல்லிச் சாலையில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருக்கிறது.