காவடியும் இடும்பனும்

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று, "அவர் எழுந்து நடமாடட்டும், என் மகன் பால் காவடி எடுப்பான்" என்று அம்மா பழனியாண்டவரிடம் வேண்டிக்கொண்டார். இந்தக் கிருத்திகையில் அதைச் செலுத்திவிட்டோம். முருகா, உனக்குக் கோடி நமஸ்காரம்.

அடிவாரத்துத் தொல்லையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியிலிருந்து இறங்குவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன் என்று ஒருவர். பூஜைத் தட்டைக் கையில் திணித்துவிட்டு ஐநூறு கேட்கிறார் இன்னொருவர். விரதமிருந்து வருகிறவர்களிடம் இப்படி நடந்துகொள்வது பாவம்.

சரி, அடிவாரத்துத் திருஆவினன்குடி கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காவடியைத் தோளில் ஏற்றினேன். அப்பாவை விஞ்ச்சில் அனுப்பிவிட்டு, மூட்டு வலியோடு அம்மா என்கூடவே படியேறினார். சுமார் 690 படிகள். பாதி வழியில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அங்கேதான் இடும்பன் சந்நிதி.

கந்தபுராணத்தில் சூரபத்மனை ஆணவமாகவும், சிங்கமுகனைக் கன்மமாகவும், தாரகனை மாயையாகவும், வேலை ஞானமாகவும் படிப்பது சைவப் பெரியவர்கள் காட்டிய வழி. சூரபத்மனோடு முருகன் நடத்திய அந்தப் போரில் தப்பிப் பிழைத்த அசுரன் இடும்பன். ஆணவம் அழிந்த பிறகும் நமக்குள் ஒன்று மிச்சம் இருக்கிறது. நல்ல காரியம்தான் செய்கிறது. இடும்பனைப் போல, அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடக்கிறது. ஆனால் 'நான்தான் சுமக்கிறேன்' என்ற நினைப்பு மட்டும் போவதில்லை. பழனியில் இறக்கி வைத்த மலையை மறுபடி தூக்கப் பார்த்தால் அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டு, இது என் மலை என்கிறான். சண்டை போட்டு விழுந்த இடும்பனை எழுப்பி, அவனையே மலைக்குக் காவலாக வைத்தான் முருகன். சுமந்ததற்குப் பலன் உண்டு. சுமை மட்டும் நம்முடையது இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பணம், ரத்தம், கையெழுத்து என்று எல்லாவற்றையும் தனியாகத் தாங்குவதாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே, அதைத் தாங்கியது யார்? இடும்பனைக் கும்பிட்டு நிமிர்ந்தபோது காவடி அதே கனம்தான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

மேலே சரியான கூட்டம். பாலைக் கொடுத்துவிட்டு, தள்ளுமுள்ளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தோம். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போடுவதற்குச் சற்று முன்னால் எங்கள் முறை வந்தது. சித்தர் போகர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து வடித்ததாகச் சொல்லும் அந்த நவபாஷாணத் திருமேனி, கையில் தண்டம், அரையில் கோவணம். வேறொன்றும் இல்லை. எதையும் சுமக்காமல் நிற்கிறான். அவன் முன்னால் நிற்கிற நமக்கும் அந்த நேரத்தில் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அம்மா மட்டும், "கொண்டுவந்து சேர்த்துட்டேம்ப்பா" என்றார். பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு நிமிஷம் போதும் முருகா, இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அடுத்த வருஷம் தானும் படியேறப் போவதாக அப்பா சொல்கிறார். அவன் சித்தம். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!